பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் சைக்கிள் ரிக்ஷா சவாரி: இரண்டு முறை போன அனுபவம்

ராஜஸ்தானில் பரத்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால், கொஞ்ச நேரத்தில், நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலுக்கு வந்துவிடலாம். நான் போனபோது அங்கே சைக்கிள் ரிக்ஷாக்கள் வரிசையாக நின்றன. நான் எழுத வந்தது அந்த ரிக்ஷா சவாரியைப் பற்றித்தான். 2005 ஜனவரியில் ஒரு தடவை, 2018 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஆக 2 முறை ஏறியிருக்கிறேன். முதல் தடவை பூங்காவின் குளங்களில் தண்ணீரே இல்லை. இரண்டாவது தடவை கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இரண்டு தடவையும் கொடுத்த காசுக்கு மனம் நிறைந்து திரும்பினேன். அது எப்படி என்று சொன்னால்தான் இந்தச் சவாரியின் அருமை புரியும்.

என் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் மூன்றடைப்புப் பக்கம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே மஞ்சள்மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும், எச்சம் விழுகிறதே என்று யாரும் விரட்ட மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வங்கி வேலையில் ஆக்ராவுக்கு மாற்றலாகிப் போனபோது, 55 கிலோமீட்டரில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் குளிர்காலத்திலேயே கிளம்பிவிட்டேன்.

2005-இல் வாசலில் நின்ற ரிக்ஷாக்காரர் வயதானவர். நான் 3 மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை விரித்து, "மேடம்ஜி, தண்ணீர் இல்லை, பறவையும் இல்லை. ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார். சவாரிக்கு ஆள் கிடைக்காமல் பாதி வண்டிகள் சும்மா நின்ற காலை அது. அவர் நினைத்திருந்தால் 3 மணி நேரக் காசை வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டியிருக்கலாம்.

உள்ளே போனால் குளத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாக இறைந்து கிடந்தன. கருவேல மரங்களில் பழைய ஆண்டுகளின் கூடுகள் சுள்ளிக்கட்டாகத் தொங்கின. ஒரு நாரை இல்லை. ரிக்ஷாக்காரர் ஒவ்வொரு இடமாக நிறுத்தி, இங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இந்த மரத்தில் இத்தனை கூடு இருக்கும் என்று வெறும் தரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். இறந்துபோனவரின் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல இருந்தது. ஒரு மணி நேரம் முடிந்ததும் அவரே வண்டியைத் திருப்பினார்.

ஏன் அப்படிக் காய்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்த இடம் கம்பீர், பாணகங்கை என்ற 2 ஆறுகளின் வெள்ளம் வந்து தேங்கும் பள்ளம். 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூர் மன்னர் சூரஜ்மல் காலத்தில் அஜான் அணைக்கரையைக் கட்டினார்கள். பிற்பாடு மன்னர்கள் வாத்து வேட்டைக்காகக் கரையும் மதகும் போட்டு இதைக் குளம் குளமாகப் பிரித்தார்கள். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அஜான் அணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பூங்காவுக்குள் இறங்கும். கரௌலி மாவட்டத்தில் கம்பீர் ஆற்றின் குறுக்கே பாஞ்சனா அணை வந்தபிறகு, அங்கே திறந்தால்தான் இங்கே தண்ணீர். 2004-இல் மழை குறைவு. அணைத் தண்ணீர் எங்கள் பயிருக்கு வேண்டும் என்று மேல் பக்கத்து விவசாயிகள் கேட்டார்கள். சுமார் 54 கோடி கன அடி வர வேண்டிய பூங்காவுக்கு 1.8 கோடி கன அடிதான் வந்தது. அந்த விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் தவிப்பது என்னவென்று தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்த எனக்குத் தெரியும். இங்கே கடைமடையில் இருப்பது பறவை. அதற்கு வந்து மனுக் கொடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, 2018-க்கு வருகிறேன். இந்தத் தடவை வீட்டுக்காரரும் தங்கச்சி மகனும் கூட வந்தார்கள். பையனுக்கு அப்போது 11 வயது.

டிசம்பர் கடைசியில் அங்கே பனிமூட்டம் கடுமையாக இருக்கும். விடிந்ததும் வாசல் திறந்துவிடும் என்று அரக்கப் பரக்க 6.30-க்கே போய் நின்றோம். 10 அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வரிசைப்படி எங்களுக்கு வந்த வண்டிக்காரர் ஒரு சர்தார்ஜி. இங்கே ரிக்ஷா ஓட்டுகிறவர்களில் சீக்கியர்கள் நிறைய. "இப்போது கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான். மெதுவாகப் போவோம்" என்றார். வண்டி பூங்காவின் தார்ச்சாலையில் சத்தமில்லாமல் உருண்டது. ரொம்ப தூரம் போன பிறகு, மூட்டத்துக்குள்ளிருந்து பழைய ஹாரன் அமுக்குவது போல் ஒரு சத்தம், அப்புறம் அதே போல் நூறு சத்தம். "பட்டைத்தலை வாத்து. எழுந்துவிட்டது" என்றார். இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து. எங்கள் கூந்தன்குளம் வரைக்கும் இதே வாத்து வந்து இறங்கும். ஊரில் கேட்ட சத்தத்தை இத்தனை தூரம் தள்ளி, குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து கேட்டபோது கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

பனி 9.30-க்கு மேல் விலகியது. அப்போதுதான் இந்த வண்டியின் மதிப்பு தெரிந்தது.

ரிக்ஷாவில் உட்கார்ந்தால் நம் கண் நடப்பதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். சாலை ஓரத்துப் புல்லையும் கோரையையும் தாண்டித் தண்ணீர் மட்டம் தெரிகிற உயரம் அது. நடந்து போனால் கோரைதான் தெரியும். எஞ்சின் சத்தம் கிடையாது, புகை கிடையாது. உள்ளே குளங்கள் இருக்கும் பகுதிக்கு வெளி மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. முக்கியமாக, பறவைகளுக்கு இந்த வண்டி பழகிப்போயிருக்கிறது. நான் கீழே இறங்கி 2 அடி வைத்ததும் நீர்க்காகம் பறந்துவிட்டது. வண்டியிலேயே இருந்தபோது 15 அடி தூரத்தில் பாம்புத்தாரா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாம்புத்தாராவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும்தான் தெரிந்தது. மெல்லிசாக, வளைந்து வளைந்து, மூழ்குவதும் எழுவதுமாக வந்தது. "பெரியம்மா, பாம்பு!" என்று பையன் என் கையைப் பிடித்தான். சர்தார்ஜி திரும்பாமலே, "அது பாம்பு இல்லை பேட்டா, பொறுத்துப் பார்" என்றார். அது மூழ்கிப் போய், வேறு இடத்தில் எழுந்தபோது அலகில் ஒரு மீன் இருந்தது. கவ்விப் பிடித்திருக்கவில்லை. ஊசியில் கோத்தது போல மீனின் விலாவில் அலகு குத்தி நின்றது. கழுத்தை வெடுக்கென்று சொடுக்கி மீனை உதறி மேலே வீசியது. மீன் வெயிலில் ஒரு தடவை புரண்டு, தலை கீழாக இறங்கி, திறந்த வாய்க்குள் போனது. தலை முதலில் போனால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தாது. அதன் பிறகு அந்த மெல்லிய கழுத்தில் ஒரு புடைப்பு மெதுவாக இறங்குவதைப் பார்த்தோம். பிறகு அது ஒரு பட்ட மரத்தில் ஏறி இரண்டு இறக்கையையும் விரித்து, வேட்டி காயப்போட்டது போல வெயிலில் காட்டிக்கொண்டு நின்றது. அதன் சிறகில் தண்ணீர் ஊறிவிடும், அதனால்தான் அத்தனை ஆழத்தில் சுலபமாக முங்க முடிகிறது, அதனால்தான் காயவும் வேண்டியிருக்கிறது. 20 நிமிடம் அங்கேயே நின்றோம். சர்தார்ஜி ஒரு தடவைகூடப் போகலாமா என்று கேட்கவில்லை. மணிக்கணக்கில் காசு என்பதால்தானே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கரைகளால் பிரித்த குளங்களில் ஆழம் ஒரே மாதிரி இல்லை என்பதால் ஒவ்வொரு குளத்திலும் ஒவ்வொரு கூட்டம். முழங்கால் ஆழத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும். ஆழமான பக்கம் நாமக்கோழி, முக்குளிப்பான், ஊசிவால் வாத்து. அல்லி இலை மூடிய இடத்தில் இலைக்கோழி. அது நீண்ட விரல்களை அகல விரித்து, இலை அமிழ்வதற்குள் அடுத்த இலைக்குக் காலை மாற்றிப் போகிற நடையைப் பையன் வண்டியின் படியில் செய்து காட்டினான். சேறு தெரியும் ஓரத்தில் நத்தைகுத்தி நாரை, உள்ளான். எல்லாக் கரையிலும் நம் மடையான், அசையாமல்.

மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதை ஊரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக அரிவாளால் அறுப்பது போல வீசிக்கொண்டே நடக்கிறது. ஒரு காலால் சேற்றைக் கிளறுகிறது. அதன் கண் மீனைத் தேடவில்லை. கலங்கின தண்ணீரில் எதுவும் தெரியாது. அலகில் ஏதாவது பட்டால் உடனே படக்கென்று மூடிக்கொள்கிறது. நாம் கைவிட்டுத் துழாவி மீன் பிடிப்போமே, அதே வித்தைதான். கொஞ்சம் தள்ளி, அந்த ஆண்டுப் பிள்ளைகள் பெற்றோர் அளவுக்கு வளர்ந்து, அழுக்குப் பழுப்பு நிறத்தில், இன்னும் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் இதே நாரை வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் நிறைந்த பிறகுதான் கூடு கட்டும். இங்கே ஆகஸ்ட் வாக்கில் கட்டிவிடுகிறது. டிசம்பரில் ஊரில் சுள்ளி பொறுக்குகிற பறவை, இங்கே பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டது. சர்தார்ஜியிடம் இதைச் சொன்னேன். என் இந்தி அரைகுறை, ஆனாலும் புரிந்துகொண்டார். "மாதம் பார்த்துக் கட்டுவதில்லை மேடம்ஜி, மீன் குஞ்சு பார்த்துக் கட்டுகிறது" என்றார். ஆற்று வெள்ளம் வரும்போது தண்ணீர் மட்டும் வருவதில்லை, மீன் குஞ்சுகளும் சேர்ந்து வருகின்றன. அவை வளர்ந்து பெருகும் சமயத்தில் கூட்டில் வாய்கள் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு கணக்கு தப்பினால் அந்த ஆண்டு கூடு இல்லை.

2005-க்குப் பிறகு யமுனை வெள்ளநீரை கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள், சம்பல் குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் வருகிறது. குளம் காயாமல் இருக்க அது பெரிய உதவி, ஆனாலும் கம்பீர் ஆற்று வெள்ளம் வருகிற ஆண்டுதான் நாரைக்குக் கல்யாண ஆண்டு என்றார் சர்தார்ஜி. படித்த வழிகாட்டி ஒருவர் மணிக்கணக்கில் விளக்கியிருந்தாலும் எனக்கு இது இவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

பூங்காவின் நடுவே கேவலாதேவ் சிவன் கோயில் இருக்கிறது, பூங்காவுக்குப் பெயர் வந்ததே அதனால்தான். கோயிலுக்குப் பக்கத்தில் கல்வெட்டுகள் நிற்கின்றன. மன்னர் காலத்து வேட்டைக் கணக்கு அது. யார் விருந்தாளி, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று தேதி வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள். பையன் அந்த எண்ணை 2 தடவை வாசித்துவிட்டு, "ஒரே நாள்லயா பெரியம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இந்த இடத்தில் மட்டும் சர்தார்ஜி கூட வரவில்லை, வண்டிப் பக்கமே நின்றுவிட்டார்.

திரும்பும் வழியில் அவராகவே ஓரிடத்தில் நிறுத்தி, தூரத்தில் புல் மண்டிக் கிடந்த ஒரு குளத்தைக் காட்டினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அங்கேதான் சைபீரியக் கொக்குகள் இறங்குமாம். அப்பா அவரைத் தோளில் தூக்கிக் காட்டுவாராம். வெள்ளை வெளேரென்று, முகம் மட்டும் சிவப்பு. கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்னும். 2001-02 குளிர்காலத்தில் கடைசி ஜோடி வந்தது. அடுத்த குளிர்காலத்தில் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வருகிற வழியில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் வேட்டையிலும் போரிலும் எத்தனையோ போயின என்கிறார்கள். இங்கே குளங்களும் மாறின. 1982-இல் தேசியப் பூங்கா ஆனபோது உள்ளே எருமை மேய்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சுற்றுக் கிராமங்கள் எதிர்த்தன. துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்புறம் பார்த்தால், எருமை தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த புல் தண்ணீர் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்து, பறவைக்கு இறங்கத் தண்ணீரே தெரியாமல் போனது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் நடத்திய நீண்ட ஆய்வு இதை எடுத்துச் சொன்னது. எருமை இறங்காத குளம் பாழ் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அதைக் கேட்டிருந்தால் அந்த உயிர்களும் போயிருக்காது.

இனி குறைகள். வண்டியில் 2 பெரியவர்கள் வசதியாக உட்காரலாம். நாங்கள் பையனை நடுவில் இடுக்கிக்கொண்டு 4 மணி நேரம் உட்கார்ந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓட்டுகிறவருக்கும் அது பாரம். 3 பேர் என்றால் 2 வண்டி எடுத்துவிடுங்கள், நாங்கள் செய்தது தப்பு. காலை வேளையில் கால் விறைத்துப் போகும், வண்டியில் போர்வை தர மாட்டார்கள், நாம்தான் கொண்டுபோக வேண்டும். சர்தார்ஜியிடம் இருந்த பைனாகுலர் பழையது, ஒரு கண்ணாடியில் பூசணம் பிடித்திருந்தது. 8 மடங்கு பெரிதாக்கும் ஒன்றை நீங்களே எடுத்துப் போவது நல்லது. இன்னொன்று, இவர்களுக்கு மரப் பொந்தில் ஆந்தை, வளையோரம் வெயில் காயும் மலைப்பாம்பு என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம் உண்டு. வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் போல. எங்களுக்குத் தண்ணீர்ப் பறவை போதும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், மலைப்பாம்புக்காகப் போன அரை மணி நேரத்தை சாரஸ் கொக்கு ஜோடியிடம் செலவழித்திருப்போம். அவற்றைத் தூரத்தில், இரண்டு சாம்பல் கோடாகத்தான் பார்த்தோம்.

பெரிய வருத்தம் ரிக்ஷாவில் இல்லை, தங்கின விடுதியில். முந்தின நாள் இரவு அங்கே, பூங்காவில் வண்டி கிடைக்காது, எங்கள் மூலம் இப்போதே பதிவு செய்யுங்கள் என்று சொல்லி ஒரு தொகை வாங்கிவிட்டார்கள். காலையில் வாசலில் கட்டணப் பலகையைப் பார்த்தால் நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை. வண்டி வரிசைப்படிதான் வந்தது, பதிவு என்று ஒன்றும் இல்லை. கொடுத்த காசில் ஒரு ரூபாய்கூட சர்தார்ஜிக்குப் போகவில்லை என்று அவரிடம் பேசிய பிறகுதான் தெரிந்தது. அவருக்குத் தனியாகக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். ஆகவே யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். வாசலுக்குப் போங்கள், பலகையைப் பாருங்கள், வரிசையில் வரும் வண்டியில் ஏறுங்கள். ஏறும் முன் எத்தனை மணி நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு வாடகை சைக்கிளும் கிடைக்கிறது. 29 சதுர கிலோமீட்டர், சமதரை, மிதிப்பது சிரமமில்லை. ஆனால் முதல் முறை போகிறவர்கள் ரிக்ஷாவே எடுங்கள். ஒரு புதருக்குள் இருக்கிற வக்காவை, அதாவது இராக்கொக்கை, நான் பைனாகுலரில் தேடி முடிப்பதற்குள், அவர் மிதித்துக்கொண்டே வெறும் கண்ணால் 3 காட்டிவிட்டார்.

என்னைக் கேட்டால் 5-க்கு 5 கொடுப்பேன். இடுப்பு வலிக்கும் பைனாகுலருக்கும் ஒன்றும் குறைக்க மாட்டேன்.

அடுத்து செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை போக வேண்டும், கூட்டில் குஞ்சு இருக்கும்போது. கிளம்பும்போது சர்தார்ஜியிடம் சொன்னேன். "ஜூலையில் போன் பண்ணுங்கள் மேடம்ஜி, கம்பீரில் தண்ணீர் விட்டார்களா என்று சொல்கிறேன். விடவில்லை என்றால் டிக்கெட் எடுக்காதீர்கள்" என்றார். நம்பரைப் பையன் தன் நோட்டில், பாம்புத்தாரா வரைந்திருந்த பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.